இருபது ரூபாய் விழிப்பு

பின்னிரவு இரண்டே முக்கால்.
செக்காலை ரோட்டு மருத்துவமனையின்
கண்ணாடிக் கதவை முழங்காலால் தள்ளி
ஒருவன் இன்னொருவனைக் கொண்டுவந்தான்.

"பேரு?"
"அடைக்கலம்."
"வயசு?"
"இருபத்திரண்டு. ஆவணி வந்தா இருபத்து மூணு" என்றான்,
மூச்சு வாங்கும்போதும் கணக்குப் பிசகாமல்.

சட்டையை நான்தான் அவிழ்த்தேன்.
நெஞ்சில் ஜிகினாத் தூள், ஒற்றைச் சாமந்தி இதழ்.
கானாடுகாத்தானில் யாரோ வெளியூர்க்காரர் கல்யாணம்.
வாடகைக்கு எடுத்த பெரிய வீட்டுக்கு
மூன்று ராத்திரியாய் விளக்குச்சரம் கட்டுகிறார்களாம்.
ஏணியின் பதினோராம் படியில்
"நெஞ்சுக்குள்ள கோழி அடிச்சுக்குது" என்றிருக்கிறான்.
கீழே ஏணியைப் பிடித்திருந்த ரபியுதீன் சிரித்தானாம்.
இப்போது சிரிக்கவில்லை.

குளிர்ந்த களிம்பு. பத்து ஒயர்.
இயந்திரம் முனகித் தாளைத் துப்பத் தொடங்கியது.

ஆத்தங்குடித் தரைபோல் கட்டம் கட்டமான தாள்.
நல்ல இதயம் அதில் அளந்து நடக்கும்:
ஒரு சின்ன மேடு, உடனே கோபுரம், அப்புறம் இறக்கம்.
இவனுக்கு மேட்டைக் காணோம்.
கோபுரங்கள் மட்டும்
இரண்டு கட்டத்தில் ஒன்று, ஒன்றரையில் ஒன்று,
கடைசி பஸ்ஸில் சந்தைக்கூட்டம் ஏறுவதுபோல.

"என்ன குடிச்சே?"
கேள்வி அவனைச் சுட்டுவிட்டது.
"தண்ணியெல்லாம் தொடமாட்டேன்க்கா.
குன்றக்குடி முருகன் மேல சத்தியம் பண்ணி ரெண்டு வருசமாச்சு."
மணிக்கட்டுக் கயிறு சாட்சிக்கு வந்தது.
"அதைக் கேக்கலை தம்பி. வேற?"

ரபியுதீன் பையைக் கவிழ்த்தான்.
காலி பிளாஸ்டிக் பாட்டில்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு மின்னல், முறுக்கிய ஒரு புஜம்.
ஆறு வரை எண்ணி நிறுத்திக்கொண்டேன்.
"இருபது ரூவாதான்க்கா. மேஸ்திரி கணக்கு.
ராத்திரிச் சோறுதான் அவர் கணக்குல இல்ல."

விலைக்கும் தேதிக்கும் நடுவே
எறும்பும் கண்ணாடி போட்டுப் படிக்கிற எழுத்தில்
இங்கிலீஷில் இருந்தது:
ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம்.
குழந்தைகளுக்கு, கர்ப்பிணிகளுக்கு,
கஃபீன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது.
மின்னல் மட்டும்
எழுத்தே தெரியாதவனுக்கும் புரிகிற அளவில்.

டாக்டர் உமையாள் கொண்டையை முடிந்தபடி வந்தார்.
தாளைப் பார்த்தார். பாட்டில்களைப் பார்த்தார்.
"தூக்கத்தைக் கடன் வாங்கியிருக்கான்."
வட்டியைப் பற்றி
இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

ஊசி, குழாய், சொட்டுச் சொட்டாய் உப்புத் தண்ணீர்.
நூற்று அறுபத்தெட்டு. நூற்று எழுபத்தொன்று.
நூற்று ஐம்பது. மறுபடி அறுபது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க் கணக்கு:
வார்டு ஃபிரிட்ஜின் கதவில்,
யாருடைய தயிர்க் கிண்ணத்துக்கோ பின்னால்,
அதே மின்னல், பாதி தீர்ந்து,
என் பெயர் எழுதிய ஒட்டுத்தாளோடு.
எனக்கும் அது தொடர்ந்து நான்காவது ராத்திரி.
எனக்கு அந்த எறும்பெழுத்தும் படிக்கத் தெரியும்.

நாலே முக்காலுக்கு
ஒரு சின்ன மேடு முளைத்தது.
பக்கத்தில் கோபுரம். அப்புறம் இன்னொரு மேடு.
டாக்டரை உடனே கூப்பிடவில்லை.
ஒரு நிமிடம் அதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண் விழித்தவன் தண்ணீர் கேட்கவில்லை.
"அந்தத் தாளைத் தருவீங்களாக்கா?
காய்ச்சல்னா மேஸ்திரி நம்பமாட்டார்.
கோடு போட்டிருந்தா நம்புவார்."
படம் எடுத்து அனுப்பினான்.
இரண்டு டிக்கும் நீலமாயின.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல்.
அதற்கடியில்: மேற்குப் பக்கம் பாக்கி. சாயங்காலம் வா.

ரபியுதீன் பாட்டில்களைத் திரும்பப் பையில் அள்ளினான்.
பழைய சாமான் கடையில் ஏதோ கிடைக்குமாம்.

ஷிஃப்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.
கடைக்காரர் பெட்டிக்குள் ஐஸ் உடைக்கிறார்.
வரிசை வரிசையாய் மின்னல்.
சீருடைப் பையன் ஒருவன், பரீட்சை அட்டையைக் கக்கத்தில் இடுக்கி,
எது அதிகக் குளிர்ச்சி என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான்.

என் மணிக்கட்டை நானே பிடித்து எண்ணத் தொடங்கினேன்.
முப்பத்தெட்டில் தேவகோட்டை பஸ் வந்துவிட்டது.
எத்தனை நொடி என்று பார்க்கவில்லை.